ஒரு யுனிட்டுக்குப் பல விலை: கூரைச் சோலார் பற்றிப் புதியவர்களுக்கு

போன தீபாவளிக்குக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, பலகாரத் தட்டுக்குப் பின்னாலேயே ஒரு ஃபைலும் வந்தது. உள்ளே ஒரு சோலார் கம்பனி கொடுத்த விலைமதிப்பு. 5 கிலோவாட், பத்துப் பனல், பளபளவென்று அச்சடித்த ஒரு வீட்டின் படம். கடைசிப் பக்கத்தில் இருபது வருடத்தில் எவ்வளவு இலாபம் வரும் என்று ஓர் அட்டவணை.

"உதைப் போட்டால் கவுண்மெந்து மாதாமாதம் காசு தருமாமே தம்பி. உண்மையோ?"

"ஓம் பெரியம்மா, தரும். எவ்வளவு எண்டதுதான் கதை."

அட்டவணையைப் பார்த்தேன். யுனிட்டுக்கு 37 ரூபா என்று வைத்துக் கணக்குக் காட்டியிருந்தார்கள். அது 2022ஆம் ஆண்டு விலை. பழைய தாளை மாற்ற மறந்தார்களா, மாற்ற மனம் வரவில்லையா, தெரியாது. அன்றைக்குப் பெரியம்மாவுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் "கவுண்மெந்து காசு தரும்" என்ற பேச்சு. தமிழ்நாட்டு யூடியூப் பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் 2024 பெப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் பூட்டுகிற வீட்டுக்கு 78,000 இந்திய ரூபா வரை மானியம் உண்டு. பனல் வாங்கும் செலவில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. இங்கே இலங்கையில் சாதாரண வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கைக்காசு இல்லை. பனலை நீங்கள்தான் வாங்க வேண்டும். அரசாங்கத்தின் ஊக்குவிப்பு பெரும்பாலும் உங்கள் கூரையில் பிறக்கிற ஒவ்வொரு யுனிட்டுக்கும் என்ன விலை வைப்பது என்பதற்குள் இருக்கிறது. அந்த விலைகள் விளங்கினால் கொள்கை விளங்கிவிடும்.

பகலில் பனல் மின்சாரம் தருகிறது. அந்த நேரத்தில் வீட்டில் ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும்தான் ஓடுகின்றன. மிச்சம் கம்பி வழியாக வீதிக்குப் போய்விடும். இரவில் நமக்கு வேண்டியது வீதியிலிருந்து வரும். போவதையும் வருவதையும் இரண்டு பக்கமும் எண்ணுகிற மீற்றர் ஒன்றைப் பழைய மீற்றருக்குப் பதிலாகப் பூட்டுவார்கள். மாத முடிவில் இரண்டையும் எப்படிக் கழிப்பது என்பதில்தான் திட்டத்துக்குத் திட்டம் வேறுபாடு.

2010 அளவில் வந்த முதல் திட்டம் நெட் மீற்றரிங். கொடுத்த யுனிட்டை எடுத்த யுனிட்டில் கழிப்பார்கள். கூடுதலாகக் கொடுத்திருந்தால் அடுத்த மாதத்துக்கு வரவு வைப்பார்கள். காசு கிடையாது. பக்கத்து வீட்டுக்கு ஒரு சுண்டு சீனி கொடுத்து, பிறகு சீனியாகவே திரும்ப வாங்குவது போல.

2016 செப்டெம்பரில் "சூரிய பல சங்க்ராமய" என்ற பெயரில் அரசாங்கம் பெரிய அளவில் இறங்கியது. பத்து இலட்சம் கூரைகள், 2020க்குள் 200 மெகாவாட், 2025க்குள் 1000 மெகாவாட் என்பது இலக்கு. இந்த நாட்டில் இலக்கு என்றால் சுவரொட்டியில் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறவன் நான். ஆனால் கூரைச் சோலார் அந்த 1000 மெகாவாட்டைத் தாண்டியே விட்டது. அப்போது வந்த இரண்டு திட்டங்கள் நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ்.

நெட் அக்கவுண்டிங்கில் முதலில் யுனிட்டுக்கு யுனிட் கழிப்பார்கள். அதற்கு மேல் நீங்கள் கொடுத்திருந்தால் அந்த மிச்சத்துக்குக் காசு. நெட் பிளஸில் கழித்தல் என்ற பேச்சே இல்லை. கூரையில் பிறப்பது முழுவதும் விற்பனைக்கு, வீட்டில் எரிப்பது முழுவதும் வழக்கமான கட்டணத்துக்கு. நெட் பிளஸ் பிளஸ் என்று இன்னொன்றும் உண்டு. அது பெரிய கூரைக்காரர்களுக்கும் களஞ்சியக்காரர்களுக்கும். பெரியம்மாவுக்கு வேண்டாம்.

ஆரம்பத்தில் முதல் ஏழு வருடத்துக்கு யுனிட்டுக்கு 22 ரூபா, பிறகு இருபது வருடம் முடியும்வரை 15.50 ரூபா என்று கொடுத்தார்கள். 2022இல் ரூபா விழுந்தது, பனல் விலை எகிறியது, யாரும் பூட்ட முன்வரவில்லை. அதனால் அந்த வருடம் ஒக்டோபரில் 37 ரூபா ஆக்கினார்கள். பெரியம்மாவின் ஃபைலில் இருந்த 37 இதுதான். அதன் பிறகு இறங்கி இறங்கி, 2025 நடுப்பகுதியில் 5 கிலோவாட் வரையான வீட்டுக்கு 20.90 ரூபா என்று வந்து நின்றது. அதற்கு மேல் 20 கிலோவாட் வரை 19.61 ரூபா. கூரை பெரிதாகப் பெரிதாக விலை குறையும். 37க்கு ஒப்பந்தம் போட்டவருக்கு 37 ஓடும். இன்றைக்குப் போடுகிறவருக்கு இன்றைய விலை. அடுத்த வீட்டு அங்கிளுக்கு மாதாமாதம் வரும் தொகையைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டால் பிழைத்துவிடும்.

சரி, இப்போது கரண்ட் பில்லுக்கு வருவோம். பெரும்பாலானோர் தவறுகிற இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

பெரியம்மா வீட்டில் மாதம் 300 யுனிட் போகிறது. மேல்மாடியில் மகளின் குடும்பம், ஓர் அறைக்கு ஏசி, தண்ணீர் மோட்டார், ஞாயிற்றுக்கிழமை அயன் பண்ணும் படலம். 2025 ஜூன் கட்டணத்தின்படி, 60 யுனிட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு முதல் 60 யுனிட் 12.75 ரூபா வீதம். அடுத்த 30 யுனிட் 18.50. அடுத்த 30 யுனிட் 24. அடுத்த 60 யுனிட் 41. அதாவது 180ஐத் தாண்டியதும் ஒவ்வொரு யுனிட்டும் 61 ரூபா. கூட்டிப் பார்த்தால் 11,820 ரூபா. நிலையான கட்டணமும் வரியும் தனி. இதில் கடைசி 120 யுனிட்டுக்கு மட்டும் 7,320 ரூபா. பில்லின் பெரும்பாதியை அந்தக் கடைசி 120 யுனிட்தான் தின்கிறது.

கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் மாதத்துக்குச் சுமார் 110 யுனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். நெட் அக்கவுண்டிங்கில் ஒவ்வொரு கிலோவாட்டாகப் பூட்டிக்கொண்டு போவோம். முதல் கிலோவாட் தரும் 110 யுனிட்டும் மேலேயிருந்து, 61 ரூபா தட்டிலிருந்து, கழிகிறது. பில்லில் குறைவது 6,710 ரூபா. இரண்டாவது கிலோவாட் 61இல் எஞ்சிய பத்தையும், 41 தட்டு முழுவதையும், 24 தட்டு முழுவதையும், 18.50இல் கொஞ்சத்தையும் கழிக்கும். பில்லில் குறைவது 3,975 ரூபா. மூன்றாவது கிலோவாட்டுக்கு வரும்போது வீட்டுக்கு மீதி 80 யுனிட்தான் இருக்கிறது, அதுவும் மலிவான தட்டுகளில். அதைக் கழித்தால் 1,135 ரூபா. மேலதிக 30 யுனிட்டை 20.90க்கு விற்றால் 627 ரூபா. இரண்டும் சேர்த்து 1,762 ரூபா. நான்காவதும் ஐந்தாவதும் வெறும் விற்பனை, தலைக்கு 2,299 ரூபா.

ஒரே வெயில், ஒரே பனல். முதல் கிலோவாட் 6,710 ரூபா, மூன்றாவது 1,762 ரூபா. மூன்றாவதை விட நான்காவதுக்குக் கூடுதலாகக் கிடைப்பதையும் கவனியுங்கள். கீழ்த்தட்டு மின்சாரம் அரசாங்கம் நமக்குத் தருகிற விலையை விட மலிவாக இருப்பதால் வரும் வேடிக்கை இது. கூரையில் எத்தனை பனல் பிடிக்கும் என்று அளந்துகொண்டு வருகிற கம்பனிக்காரர் இதைச் சொல்லமாட்டார். பெரிய தொகுதி பூட்டினால் கிலோவாட்டுக்கான விலை குறையும் என்பார், அதுவும் பொய்யில்லை. ஆனாலும் கூரையை அளக்க முன் கடந்த பன்னிரண்டு மாதப் பில்லையும் மேசையில் பரப்புங்கள்.

இதே காரணத்தால், நிறைய மின்சாரம் எரிக்கிற வீட்டுக்கு நெட் பிளஸ் பொருந்தாது. 20.90க்கு விற்று 61க்கு வாங்குவதா? மாதம் 60 யுனிட்டுக்குள் வாழ்கிற வீடு என்றால் கதை வேறு. அதே 2025 ஜூன் கட்டணத்தில் அவர்களுக்கு முதல் 30 யுனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யுனிட் 8 ரூபா. எட்டு ரூபாவுக்கு வாங்கி 20.90க்கு விற்கலாம். ஆனால் 60 யுனிட்டுக்குள் வாழ்கிறவரிடம் பனல் வாங்கக் காசு இருக்குமா என்பது இந்தக் கொள்கை பதில் சொல்லாத கேள்வி. கூரைச் சோலாரின் பெரிய பலன் ஏசி உள்ள வீட்டுக்குத்தான் போகிறது. அதை மூடிமறைக்கத் தேவையில்லை.

கடன் பக்கத்தில் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 50 மில்லியன் டொலர் கொடுத்து, அது வங்கிகள் வழியாகக் கூரைச் சோலார் கடனாகப் போனது. இப்போதும் வங்கிகளில் சோலார் கடன் இருக்கிறது. மாதத் தவணையைப் பில்லில் மிச்சமாகும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தவணை சிறியதாக இருந்தால் போடலாம். கோயில் அறங்காவலர் சபையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவின் நன்கொடையில் 5,000 வழிபாட்டுத் தலங்களுக்குச் சோலார் பூட்டும் திட்டத்தை 2025 ஏப்ரலில், இந்தியப் பிரதமர் வந்திருந்தபோது தொடக்கிவைத்தார்கள். கோயில், விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் அதில் அடக்கம். மொத்தம் 25 மெகாவாட், அதாவது ஒரு தலத்துக்கு சராசரியாக 5 கிலோவாட்.

விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்று பெரியம்மா கேட்டார். ஒரு காரணம், பனல் மலிவாகிவிட்டது. இன்னொன்றைச் சந்தை உதாரணத்தில் சொன்னால் சுலபம். மாம்பழக் காலத்தில் எல்லோரும் ஒரே நாளில் மாம்பழத்தோடு வந்தால் விலை என்ன ஆகும்? கூரைச் சோலார் முழுவதும் மத்தியானம் ஒரே நேரத்தில் கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் அலுவலகம் இல்லை, தொழிற்சாலை இல்லை, வாங்க ஆள் குறைவு. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை அடுப்பு மாதிரி மத்தியானம் அணைத்து மாலையில் பற்றவைக்கவும் முடியாது. அந்த மாதிரி நிலையங்களில் உள்ள பெரிய சுழலிகள்தான் (டர்பைன்கள்), எங்கேயாவது ஓர் அதிர்ச்சி வந்தால் நாட்டின் முழு மின் கட்டமைப்பையும் தாங்கிப் பிடிப்பவை. சோலாருக்கு அந்தத் தாங்கும் பலம் இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு போனது, நாடே இருண்டது. ஒரு குரங்குக்கு இவ்வளவு பலமா என்று ஊரே சிரித்தது. அன்றைக்கு மின்தேவை குறைவு, சோலார் அதிகம், தாங்கிப்பிடிக்கும் சுழலிகள் போதாது என்பதுதான் பிறகு வந்த விளக்கம். இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பத்து வருடமாகப் போடு போடு என்று சொன்னவர்களே நிறுத்து என்று சொல்லும் நிலை. 2030க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற அரசாங்க இலக்கு அப்படியே இருக்க, மத்தியான மின்சாரம் மட்டும் செல்லாக்காசு ஆகிக்கொண்டிருக்கிறது.

இருட்டிய பிறகு நிலைமை தலைகீழ். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லா வீட்டிலும் லைட், ரிவி, அடுப்பு, ஏசி. அப்போது எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட்ட வேண்டியிருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத களனிதிஸ்ஸ அப்படி ஒன்று. அதனால்தான் பற்றரியில் சேமித்து இந்த நான்கு மணி நேரத்துக்குள் கொடுக்கிற யுனிட்டுக்கு 45.80 ரூபா என்று 2025இல் விலை வைத்தார்கள். மத்தியானம் 20.90, இரவு 45.80. அரசாங்கத்துக்கு இப்போது என்ன வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் வெளிப்படையாகச் சொல்கின்றன. ஆனால் பற்றரி மலிவில்லை, அதன் ஆயுளும் பனலின் ஆயுளளவுக்கு வராது. என் கருத்தில் இப்போது பூட்டுகிறவர் பற்றரியை உடனே வாங்க வேண்டியதில்லை. பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டிதான் இன்வெர்ட்டர்; பிறகு பற்றரி சேர்க்கக்கூடிய இன்வெர்ட்டரை மட்டும் கேட்டு வாங்கினால் போதும்.

பற்றரி பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் கூரை முழுக்கப் பனல். பட்டப்பகல், கொளுத்தும் வெயில், அந்த வீட்டு ஃபேனும் நின்றுதான் கிடந்தது. "இவ்வளவு காசைக் கொட்டி என்ன பிரயோசனம்" என்று அந்த அன்ரி வாசலில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். பிழை ஒன்றும் இல்லை. வீதியில் கரண்ட் நின்றால் சாதாரண இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் வேலை செய்கிற மின்சார சபை ஊழியரின் உயிருக்கு ஆபத்து. கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் பற்றரியும், வீதியிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் ஏற்பாடும் வேண்டும். பூட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை.

நான் வெள்ளவத்தையில் ஃபிளட்டில் இருக்கிறேன், எனக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருக்கிறேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி, டிஷ் அன்டெனா, உடுப்புக் காயப்போடும் கொடி. அந்த மாடி எங்கள் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, பொதுச்சொத்து. ஒவ்வொருவரும் தங்கள் மீற்றருக்கு இழுக்கப் போனால் சண்டைதான் வரும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், நடைபாதை லைட் எல்லாம் ஓடும் பொது மீற்றருக்குச் சோலார் பூட்டுவது நடக்கக்கூடிய வழி. மாதப் பராமரிப்புக் காசு குறையும். முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் (ஃபிளட் சொந்தக்காரர்கள் சேர்ந்த சபை) கூட்டத்தில் தீர்மானம் எடுக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது; இரண்டிலும் பேச்சு வாகனத் தரிப்பிடத்தில்தான் போய் முடிந்தது. பக்கத்தில் இன்னொரு பத்து மாடி எழும்பினால் நிழல் விழும் என்பதையும் மறக்கக்கூடாது. வெள்ளவத்தையில் அது எப்போது வேண்டுமானாலும் எழும்பும்.

நடைமுறை பெரிய சிக்கல் இல்லை. கொழும்பு நகருக்குள் மின்சார சபை, கோட்டே, நுகேகொடை, மொறட்டுவைப் பக்கம் லெகோ என்கிற லங்கா மின்சாரக் கம்பனி. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தோடு சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் வேலை தொடங்கியதால், பில்லில் உள்ள பெயர் மாறியிருக்கலாம். பில்லில் இருக்கிற பிரதேச அலுவலகத்துக்குப் போங்கள். இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்த பூட்டுநராக இருக்க வேண்டும். அவரே விண்ணப்பம் போடுவார். உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்ஃபோமரில் இடமிருக்கிறதா என்று அலுவலகம் பார்க்கும். இதற்குப் பதில் வரும்வரை கம்பனிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். ஒரே ஒழுங்கையில் பத்து வீடு பூட்டிவிட்டால் பதினோராவது வீட்டுக்கு இடமில்லாமல் போகலாம். அப்புறம் பூட்டி, பரிசோதித்து, இருபது வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து, மீற்றர் மாற்றம். அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் யுனிட் விலை என்ன என்று எழுதியிருக்கிற வரியை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.

பெரியம்மாவுக்கு இதில் ஒரு தடங்கல் வந்தது. பில் இன்னமும் பெரியப்பாவின் பெயரில் இருக்கிறது. பெரியப்பா போய் ஆறு வருடம். ஒப்பந்தம் போடுவது மின் இணைப்பின் சொந்தக்காரரோடு. ஆகவே முதலில் பெயர் மாற்ற வேண்டும், அதற்குக் காணி உறுதியும் மரணச் சான்றிதழும் தேட வேண்டும். கொழும்பில் அரைவாசி பழைய வீடுகளின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். பெயர் மாற்றத்தை இன்றைக்கே தொடங்குங்கள், சோலார் போடாவிட்டாலும் பயன்படும்.

5 கிலோவாட் விலைமதிப்பைத் திருப்பி அனுப்பி, 2 கிலோவாட்டுக்கு வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம். கூரை சீற் பழையது, பனல் ஏற்ற முன் நாலைந்து சீற் மாற்ற வேண்டுமாம். அந்தச் செலவு எந்தக் கம்பனியின் அட்டவணையிலும் இல்லை. எல்லாம் கேட்டு முடித்த பிறகு பெரியம்மா ஃபைலை மூடி வைத்துவிட்டு முற்றத்து மாமரத்தை நிமிர்ந்து பார்த்தார். நிறையக் காகம்.

"உதுகள் மேல எச்சம் போட்டால் பனல் வேலை செய்யுமோ?"

"குறையும் பெரியம்மா. இடைக்கிட ஏறிக் கழுவோணும்."

"ஆர் ஏறுறது?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்தார்.